காலி அலைவரிசையே இல்லாத கரை: பழைய கார் ஸ்டீரியோவும் பாக் நீரிணையும்

இந்த எபிசோட் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்டில் இருந்து பிறந்தது. அவங்க வீட்டில் பழைய மாருதி 800 ஒண்ணு இருக்கு. அதில் கேசட் போடுற ரேடியோ. ஃபோனில் இருக்குற பாட்டை அதில் கேக்கணும்னு, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகுற குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு வாங்கியிருக்கார். மதுரையில் கிளம்பும்போது அருமையா பாடியிருக்கு. ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி, மண்டபம்னு போகப் போக, பாட்டுக்கு நடுவில் வேற யாரோ பேச ஆரம்பிச்சுட்டாங்க. அலைவரிசையை மாத்தினா அங்கேயும் ஒருத்தர். பாம்பன் பாலம் வந்ததும் ஃபோன் பாட்டு சுத்தமா காணோம். யாழ்ப்பாணத் தமிழில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து ஓடிக்கிட்டு இருக்கு. "டிரான்ஸ்மிட்டர் பழுதா, கார் ரேடியோ பழுதா?"ன்னு கேட்டிருந்தார்.

ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. பழுதுன்னு அவர் நினைச்சதுக்குப் பின்னாடி ஒரு நூறு வருஷக் கதை இருக்கு. அந்தக் கரையில் காத்து எப்பவுமே காலியா இருந்ததில்ல. அந்தக் கதையைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். கூடவே, பழைய காருக்குள்ள ஃபோன் சத்தத்தைக் கொண்டுபோக மனுஷங்க கண்டுபிடிச்ச குறுக்கு வழிகளையும்.

காருக்கு எத்தனை கதவு?

நான் சாஃப்ட்வேர் எழுதுற ஆள். ஒரு பழைய சிஸ்டத்தைப் பார்த்தா முதல்ல கேக்குற கேள்வி, "இதுக்குள்ள டேட்டா எந்த வழியா போகும்?" பழைய கார் ஸ்டீரியோவையும் அப்படித்தான் பார்க்கணும். அதைச் செஞ்சவங்களுக்கு உங்க ஃபோன்னு ஒண்ணு வரப்போறது தெரியாது. ஆனா சத்தம் உள்ள போக சில கதவுகளை வெச்சிருந்தாங்க. ஒண்ணு ரேடியோ டியூனர், ரெண்டாவது கேசட் வாய். பிற்பாடு வந்த வண்டிகளில் மூணாவதா ஆக்ஸ் ஓட்டை, 3.5 மில்லிமீட்டர்.

இதில் மூத்தது டியூனர். 1930-ல் அமெரிக்காவில் கால்வின் கம்பெனி கார் ரேடியோ ஒண்ணை விற்பனைக்குக் கொண்டுவந்தாங்க. அதுக்கு வெச்ச பேர் மோட்டரோலா. பின்னாடி கம்பெனிக்கே அந்தப் பேர் ஆச்சு. அன்னைக்கு அவங்களுக்கு இருந்த பெரிய தலைவலி என்ன தெரியுமா? காரோட ஸ்பார்க் பிளக்தான். ஒவ்வொரு தடவை பொறி தட்டும்போதும் அதுவே ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன் மாதிரி இரைச்சலை அள்ளி விடும். அதை அடக்கின பிறகுதான் கார் ரேடியோன்னு ஒண்ணு சாத்தியமாச்சு. காருக்குள்ள நாம கேக்க நினைக்குற சத்தத்துக்கும், கேக்க வேணாம்னு நினைக்குற சத்தத்துக்கும் நடக்குற சண்டை அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு.

கேசட் வாய்: ஏமாத்து வேலையில் அழகானது

பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் பெர்லின் கண்காட்சியில் காம்பாக்ட் கேசட்டைக் காட்டினாங்க. 1960-களின் கடைசியிலேயே அது காருக்குள்ளயும் வந்தாச்சு. நம்ம ஊரில் 80-கள், 90-கள் முழுக்க அம்பாசடர், மாருதி, வேன், டூரிஸ்ட் பஸ் எல்லாத்திலும் கேசட் ராஜ்ஜியம்தான்.

வெளிநாடுகளில் 80-களிலேயே கையடக்க சி.டி. பிளேயர் வந்துருச்சு. காரில் இருக்குறதோ கேசட் வாய். அதுக்கு வந்த தீர்வுதான் கேசட் அடாப்டர். லாரி ஷாட்ஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர் பேரை இதோட சேர்த்துச் சொல்வாங்க. பார்க்க கேசட் மாதிரியே இருக்கும், ஆனா உள்ள டேப் கிடையாது. ஓரத்தில் ஒரு ஒயர் தொங்கும். அதை சி.டி. பிளேயரிலோ ஃபோனிலோ சொருகணும்.

எப்படி வேலை செய்யுது? கேசட் பிளேயரோட ஹெட் என்ன பண்ணும்? டேப் நகரும்போது அதில் மாறிக்கிட்டே இருக்குற காந்தப் புலத்தைப் படிச்சு மின்சாரமா மாத்தும். அது டேப்பில் இருந்து வருதா, வேற எதில் இருந்தாவது வருதான்னு ஹெட்டுக்குத் தெரியாது. அதனால அடாப்டருக்குள்ள, ஹெட்டுக்கு நேர் எதிரே, ஒரு குட்டி மின்காந்தத்தை வெச்சாங்க. ஃபோனில் இருந்து வர்ற சிக்னல் அதில் போய் காந்தப் புலமா மாறும். கேசட் ஹெட் அதைப் படிச்சு, ஏதோ டேப் ஓடுதுன்னு நம்பிப் பாடும். உள்ள இருக்குற பல்சக்கரங்கள் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். டேப் முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சு பிளேயர் நின்னுடக் கூடாதுல்ல, அதுக்காக.

இதில் காத்தில் எதுவும் பறக்கல. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளியில் காந்தப் புலம் தாவுது, அவ்வளவுதான். நீங்க மதுரையில் இருந்தாலும் தனுஷ்கோடியில் இருந்தாலும் ஒரே சத்தம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

குட்டி டிரான்ஸ்மிட்டரும் ஒரு சின்னக் கணக்கும்

அடுத்த குறுக்கு வழி நம்ம நேயர் வாங்கினது. கேசட் வாயும் இல்ல, ஆக்ஸும் இல்லன்னா மிச்சம் இருக்குற கதவு டியூனர் மட்டும்தான். அதுக்குள்ள போகணும்னா நீங்களே ஒரு ரேடியோ ஸ்டேஷன் ஆகணும். டிரான்ஸ்மிட்டர் பண்றது அதைத்தான். 88-ல் இருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள எஃப்.எம். பட்டையில் யாரும் இல்லாத ஒரு இடத்தைப் பார்த்து உங்க பாட்டை ஒலிபரப்பும். கார் ரேடியோவை அதே எண்ணில் வெச்சா பாட்டு வரும்.

"யாரும் இல்லாத இடம்", இதுதான் முக்கியமான வார்த்தை. எஃப்.எம். ரிசீவருக்கு ஒரு குணம் உண்டு. ஒரே அலைவரிசையில் ரெண்டு சிக்னல் வந்தா ரெண்டையும் கலந்து தராது. பலமானதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததை அமுக்கிடும். கேப்சர் எஃபெக்ட்னு சொல்வாங்க. ரெண்டும் கிட்டத்தட்ட சமமா இருந்தா, வண்டி நகர நகர இது கொஞ்சம் அது கொஞ்சம்னு மாறி மாறி வரும். நேயருக்கு மண்டபத்தில் நடந்தது இதுதான்.

ஆனா ஒண்ணரை மீட்டர் தள்ளி இருக்குற டிரான்ஸ்மிட்டரை எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குற ஸ்டேஷன் எப்படி ஜெயிக்குது? ஒரு கணக்கு போடுவோம். இந்த மாதிரி குட்டி டிரான்ஸ்மிட்டருக்கு பிரிட்டன் 2006-ல் அனுமதி கொடுத்தப்போ வெச்ச உச்ச வரம்பு 50 நானோவாட். அதாவது ஒரு வாட்டில் 2 கோடியில் ஒரு பங்கு. பக்கத்து வண்டி ரேடியோவில் உங்க பாட்டு கேக்கக் கூடாதுன்னுதான் அவ்வளவு கம்மி. இந்தப் பக்கம் 10 கிலோவாட் ஸ்டேஷன் ஒண்ணு 50 கிலோமீட்டர் தள்ளி இருக்குன்னு வெச்சுக்கோங்க. வழியில் எந்தத் தடையும் இல்லன்னா, சிக்னல் தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையும். 10,000-ஐ 50,000-ன் வர்க்கத்தால் வகுங்க. 50 நானோவாட்டை ஒண்ணரையின் வர்க்கத்தால் வகுங்க. அந்தத் தூரத்து ஸ்டேஷன் கிட்டத்தட்ட 180 மடங்கு பலமா வந்து நிக்கும்!

நிஜத்தில் இவ்வளவு சுலபமா வராதுதான். பூமி உருண்டை, நடுவில் கட்டடம், மரம், மேடு எல்லாம் இருக்கு. கடையில் கிடைக்குற டிரான்ஸ்மிட்டரில் இந்த வரம்பை மதிக்காததும் உண்டு. அதனாலதான் மதுரையில் நம்ம ஆள் தப்பிச்சார். ஆனா ராமேஸ்வரம் கரையில் அந்தத் தடைகள் என்னென்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. நடுவில் இருக்குறது கடல்.

மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம்

மேப்பை எடுத்துப் பாருங்க. ராமேஸ்வரத்தில் இருந்து மதுரை நேர்கோட்டில் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் 90 கிலோமீட்டருக்குள்ள. தனுஷ்கோடி முனையில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். ரேடியோ அலைக்கு பாஸ்போர்ட் கிடையாது. அதுக்குத் தூரமும் தடையும் மட்டும்தான் கணக்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தா ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துப் பெரிய ஊர் யாழ்ப்பாணம்.

எஃப்.எம். அலை ஓரளவு நேர்கோட்டில் போற அலை. 100 மீட்டர் உயரக் கோபுரத்தில் இருந்து கிளம்பினா, கார் ஆன்டெனா வரைக்கும் 45 கிலோமீட்டர் சொச்சம்தான் எட்டணும். ஆனா கடல் மேல இன்னொரு சங்கதி நடக்கும். தண்ணிக்கு மேல ஈரமான காத்து ஒரு அடுக்கு, அதுக்கு மேல சூடான வறண்ட காத்து இன்னொரு அடுக்குன்னு நின்னுட்டா, ரேடியோ அலை அந்தக் கீழ் அடுக்குக்குள்ளேயே மாட்டிக்கிட்டு, ஒரு குழாய்க்குள்ள போற மாதிரி, அடிவானத்தைத் தாண்டி வளைஞ்சு போகும். காத்து அசையாம இருக்குற வெயில்கால ராத்திரிகளிலும் அதிகாலையிலும் இது ரொம்ப நடக்கும். அந்த நேரங்களில் வழக்கமா எட்டாத ஸ்டேஷன்கூட பக்கத்து வீட்டில் பாடுற மாதிரி வரும்.

இது எஃப்.எம். காலத்துக் கதை. இதுக்கு முன்னாடி மீடியம் வேவ் காலத்தில் கடல் இன்னும் பெரிய உதவி பண்ணுச்சு. மீடியம் வேவ் அலை தரையை ஒட்டி ஊர்ந்து போகும். வறண்ட நிலம் அதை உறிஞ்சிடும். உப்புத் தண்ணியோ, வறண்ட நிலத்தைவிட ஆயிரம் மடங்கு நல்லா மின்சாரம் கடத்தும். அதனால கடல் மேல போற மீடியம் வேவ் அவ்வளவா தேயாது. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் உள்நாட்டு ஸ்டேஷனைவிட கொழும்பு தெளிவா கேட்டதுக்குப் பின்னாடி இருக்குறது இந்த இயற்பியல்தான்.

நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து வந்த ரேடியோ

கொழும்பு ரேடியோவோட பிறப்புக் கதையும் ஒரு குறுக்கு வழிக் கதைதான். 1920-களில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறை எஞ்சினியர் இலங்கைக்கு வர்றார். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலோட ரேடியோ பாகங்களை வெச்சு, கொழும்பு தந்தி ஆபீஸில் ஒரு சின்ன அறையில் சோதனை ஒலிபரப்பு பண்றாங்க. முதல்ல போனது கிராமபோன் பாட்டு. இசைத்தட்டில் இருக்குற பாட்டை, வேற எதுக்கோ செஞ்ச கருவி வழியா, இன்னொருத்தர் ரேடியோவுக்குள்ள அனுப்புறது. யோசிச்சுப் பாருங்க, நம்ம நேயர் காருக்குள்ள பண்ண வேலையும் அதேதான்! 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையா தொடங்கியது.

இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தலைமையில் தென்கிழக்கு ஆசியக் கட்டளைப் பீடம் இலங்கையில் இருந்தது. அவங்க படைவீரர்களுக்காகப் பலமான டிரான்ஸ்மிட்டர்களோட ரேடியோ சியாக் நடந்துச்சு. போர் முடிஞ்ச பிறகு அந்தக் கருவிகள் இலங்கைக்கு வந்து சேர்ந்துச்சு. 1950-ல் ரேடியோ சிலோன் வர்த்தக சேவையைத் தொடங்கினாங்க. ராணுவத்துக்கு வாங்கின பலம், பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் போச்சு.

அடுத்த திருப்பம் டெல்லியில். 1952-ல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் ஆனார். சினிமாப் பாட்டு தரம் கெட்டதுன்னு அவருக்கு எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட காணாமப் போச்சு. ஜனங்க சும்மா இருப்பாங்களா? முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினாங்க. இந்தி கேக்குறவங்களுக்கு அமீன் சயானியோட பினாகா கீத்மாலா. தமிழ் கேக்குறவங்களுக்கு இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை. எஸ்.பி.மயில்வாகனன், பிறகு கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத்னு அறிவிப்பாளர்கள் இங்கே சினிமா நட்சத்திரம் மாதிரி ஆனாங்க. 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதியைத் தொடங்கினதே, போன கூட்டத்தைத் திரும்பக் கூப்பிடத்தான். அதிலும் விளம்பரம் வர 1967 ஆச்சு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். மாநிலத்தின் மத்த ஊர்களில் இலங்கை வானொலி கேக்குறதுன்னா ஒரு தேடல். முள்ளைத் தடவித் தடவிப் பிடிக்கணும், இரைச்சலைப் பொறுத்துக்கணும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை பக்கம் அப்படி இல்ல. ரேடியோவைத் திறந்தா அதுதான் வரும். டீக்கடையில் ஒரு ரேடியோ பாடினா தெருவே கேக்கும். 1980-கள் வரைக்கும் ரேடியோ வெச்சிருக்க லைசென்ஸ் வேணும், தபால் ஆபீஸில் பணம் கட்டணும். ஒரு லைசென்ஸில் ஐம்பது பேர் கேட்ட காலம் அது. என்ன பாட்டு வரணும்னு கேக்குற யாரும் முடிவு பண்ணல. கொழும்பில் ஒருத்தர் முடிவு பண்ணார்.

சத்தம் முதல்ல, கார் பிறகு

ராமேஸ்வரம் தீவோட கார் வரலாறு ரொம்பச் சின்னது. ரயில் பாலம் 1914-ல் வந்தாச்சு. அந்த வருஷத்தில் இருந்தே போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், திரும்ப ரயிலில் கொழும்புன்னு ஒரே பயணமா போகலாம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல் தனுஷ்கோடியை அழிச்சது. பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரயில் அலையில் மூழ்கி, நூறு பேருக்கு மேல இறந்தாங்க. அதோட அந்தப் பாதை முடிஞ்சது.

ஆனா சாலைப் பாலம் வந்தது 1988 அக்டோபர் 2-ல்தான். அதுவரைக்கும் தீவுக்குள்ள யாரும் சொந்தக் காரை நேரா ஓட்டிட்டுப் போக முடியாது. ரேடியோ சிலோனோட பாட்டு 30 கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்து சேர்ந்து பல பத்து வருஷம் கழிச்சுத்தான், கார் இந்த 2 கிலோமீட்டர் சொச்சம் கடலைத் தாண்டி வந்தது. தீவுக்குள்ள நுழைஞ்ச கார்களில் பாதிக்கு மேல கேசட் பிளேயர் இருந்திருக்கும்னு நினைக்குறேன். ஓட்டுறவர் போட்ட கேசட் பாடும். டேப்பைத் திருப்பிப் போடுற இடைவெளியில் டியூனர் உயிர் பெறும், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல் வரும்.

அந்த 80-களிலேயே கடல் இன்னொண்ணையும் கொண்டுவந்தது. 1983-க்குப் பிறகு படகில் வந்த இலங்கைத் தமிழ் அகதிகள் தனுஷ்கோடியிலும் ராமேஸ்வரத்திலும் கரை இறங்கினாங்க, மண்டபம் முகாமில் தங்கினாங்க. நமக்குப் பாட்டுப் பெட்டியா இருந்த ரேடியோ, அவங்களுக்கு விட்டுட்டு வந்த ஊரோட சத்தம். ஒரே அலைவரிசை, ரெண்டு விதமான காது.

காத்து யாருக்குச் சொந்தம்?

1990-களின் கடைசியில் இலங்கையில் தனியார் தமிழ் எஃப்.எம். வரிசையா வந்துச்சு. சூரியன், சக்தி, பிறகு வெற்றி. அரசு பக்கம் தென்றல். இந்தியாவிலோ தனியார் எஃப்.எம். 2001-ல் பெங்களூரில்தான் தொடங்கியது. பெரிய நகரங்களுக்குத்தான் முதல்ல ஏலம். மீனவக் கிராமத்துக்கு யார் ஏலம் எடுப்பாங்க? அதனால 24 மணி நேரத் தனியார் தமிழ் எஃப்.எம்.னா என்னன்னு சென்னைக்காரங்களுக்கு முன்னாடியே பாம்பன்காரங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. அந்தக் குரல்கள் அவங்க ஊரைப் பத்திப் பேசல, அவ்வளவுதான்.

1995-ல் உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு ஒண்ணில் ஒரு பெரிய தீர்ப்பு சொல்லுச்சு. அலைவரிசை பொதுச் சொத்து, அரசோட தனிச் சொத்து இல்லன்னு. அந்தத் தீர்ப்பு திறந்த வழியில்தான் சமுதாய வானொலிகள் வந்துச்சு. உச்ச சக்தி 100 வாட், சுத்துவட்டாரத்துக்கு மட்டும் கேக்கும். 2016 ஆகஸ்டில் பாம்பனில் கடல் ஓசை எஃப்.எம். தொடங்கினாங்க, 90.4-ல். மீனவ மக்களுக்காக, அவங்க பேச்சுத் தமிழிலேயே. காத்து எப்படி, அலை எப்படி, இன்னைக்குக் கடலுக்குப் போகலாமா, மீன் வளம் ஏன் குறையுதுன்னு பேசுற ரேடியோ. ஒரு பக்கம் 10 கிலோவாட் கணக்கில் வர்ற அலைகள். நடுவில் 100 வாட்டுக்குள்ள ஒரு ஊர்க் குரல்.

இப்போ நேயரோட குட்டி டிரான்ஸ்மிட்டரை இதுக்குள்ள வெச்சுப் பாருங்க. அது தேடுறது "காலி இடம்". டிரான்ஸ்மிட்டரோட டிஸ்பிளேயில் எல்லா எண்ணும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னாடி யாரோ இருக்காங்க. யாழ்ப்பாணத்தில் பிறந்தநாள் வாழ்த்து கேட்டு மெசேஜ் அனுப்பின குடும்பம் இருக்கு. படகில் சின்ன ரேடியோவைக் கட்டித் தொங்கவிட்டுக் காத்து நிலவரம் கேக்குறவர் இருக்கார். வரம்பை மதிக்காத டிரான்ஸ்மிட்டரை 90.4-ல் வெச்சுக்கிட்டு, பாம்பன் பாலத்தில் வேடிக்கை பார்க்க நிக்குற வண்டிகளுக்கு நடுவில் நின்னா, பக்கத்து வண்டிக்காரர் கேட்டுக்கிட்டு இருந்த கடல் ஓசை மேல உங்க பாட்டு ஏறி உக்காந்துடும்.

புளூடூத் இந்த விஷயத்தில் நாகரிகமானது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 79 சேனல் வெச்சுக்கிட்டு, நொடிக்கு 1,600 தடவை தாவிக்கிட்டே இருக்கும். ஒரே இடத்தில் உக்காந்து யாரையும் தள்ளாது. நெரிசல் இருக்குற சேனலைத் தவிர்த்துட்டுப் போற வசதியும் பின்னாடி வந்துச்சு. பக்கத்தில் ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சே டிசைன் பண்ணது. குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் நினைப்புல காருக்கு வெளியே உலகமே இல்ல.

சரி, என்னதான் பண்றது?

நேயருக்கான நேரடி பதில் இது. ராமேஸ்வரம் பக்கம் பழைய வண்டியில் போறீங்கன்னா, ஃபோன் பாட்டுக்கு டியூனர் கதவைப் பயன்படுத்தாதீங்க. உங்க வண்டியில் கேசட் வாய் இருக்கு. கேசட் அடாப்டர் போடுங்க. ஃபோனில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை இல்லன்னா (2016-ல் ஐஃபோன் 7 அதை அடைச்ச பிறகு மத்தவங்களும் வரிசையா அடைச்சுட்டாங்க), பேட்டரியில் ஓடுற குட்டி புளூடூத் ரிசீவர் ஒண்ணை அந்த ஒயரில் மாட்டிக்கலாம். ஆக்ஸ் உள்ள வண்டின்னா அதே ரிசீவர் நேரா ஆக்ஸில் போகும். ஆக்ஸில் பாட்டு கேட்டுக்கிட்டே அதே வண்டியில் சார்ஜும் போட்டா, ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க "ஙொய்ங்"னு ஒரு சத்தம் ஏறும். ஆல்டர்னேட்டரோட இரைச்சல் எர்த் வழியா உள்ள வர்றது அது. சார்ஜரைக் கழட்டினா போயிடும். இல்லன்னா கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு சின்னதா ஒரு டப்பா வாங்கி நடுவில் போடுங்க.

எல்லாத்தையும் மாத்திடலாம்னு தோணினா, அதுக்கும் வழி இருக்கு. பழைய வண்டிகளில் ஸ்டீரியோ உக்காரும் ஓட்டை 180-க்கு 50 மில்லிமீட்டர். ஜெர்மன் டின் ஸ்டாண்டர்டாக வந்து உலகம் பூரா பரவின அளவு. எந்தக் கம்பெனி செட்டும் எந்தக் கம்பெனி காரிலும் உக்காரும். முப்பது வருஷ வண்டியில் இன்னைக்கு வாங்கின புளூடூத் செட்டை மாட்ட முடியுதுன்னா, யாரோ ஒரு அளவை எல்லாருக்கும் பொதுன்னு எழுதி வெச்சதாலதான்.

புது வண்டிகளில் அந்த ஓட்டை இல்ல. பெரிய திரை இருக்கு, ஏசியும் கேமராவும் பாட்டும் அதுக்குள்ளேயே. சில நாடுகளில் மின்சாரக் காரில் ஏ.எம். ரேடியோவையே எடுத்துட்டாங்க, மோட்டார் இரைச்சல் தாங்கலன்னு. 1930-ல் ஸ்பார்க் பிளக்கோட சண்டை போட்டு ஜெயிச்ச இடத்தை இப்போ சண்டை போடாமலே விட்டுக் கொடுக்குறாங்க. இதில் எனக்கு உறுத்துறது பழைய பொருள் மேல இருக்குற பாசம் இல்ல. கதவு எண்ணிக்கை குறையுது. எல்லாச் சத்தமும் ஒரே கதவு வழியா, ஃபோன் நெட்வொர்க் வழியாத்தான் வரணும்னு ஆகுது.

அந்த ஒரு கதவு அடைச்சா என்ன ஆகும்னு இந்தக் கரைக்கு நல்லாத் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறினப்போ டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்ல, செல்ஃபோன் டவரும் இல்ல. சாதாரண நாளில்கூட, 2017-ல் திறந்த சாலையில் அரிச்சல்முனை வரைக்கும் போனீங்கன்னா ஃபோன் தடுமாறும். சிலருக்கு இலங்கை நெட்வொர்க்கைப் பிடிச்சுக்கிட்டு ரோமிங் மெசேஜ் வரும். ஸ்ட்ரீமிங் நின்னு போகும். அங்கே பழைய கார் ரேடியோதான் ராஜா. சந்தா இல்ல, டேட்டா இல்ல, லாகின் இல்ல. முள்ளைத் திருப்பினா யாராவது பேசுவாங்க.

அதனால என் பரிந்துரை இதுதான். உங்க பாட்டை ஒயர் வழியா உள்ள விடுங்க. டியூனரைக் காலியா வைங்க, அது மத்தவங்க குரலுக்கான கதவு. பாம்பன் வந்ததும் ஃபோனை அஞ்சு நிமிஷம் நிறுத்திட்டு 90.4 வைங்க. அப்புறம் மெதுவா 108 வரைக்கும் ஒரு சுத்து வாங்க. எத்தனை தமிழ் இருக்குன்னு எண்ணுங்க.

இந்த மாதிரி எல்லையோர ஊர்களில் ரேடியோ கேட்டு வளர்ந்தவங்க யாராவது இந்த எபிசோடைக் கேட்டா, உங்க வீட்டில் என்ன ஸ்டேஷன் ஓடுச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டிகிட்ட கேட்டு அனுப்பினா இன்னும் சந்தோஷம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.